கிழிக்காமல் விட்ட பதினோரு தாள்

எங்கள் வீட்டில் எனக்கென்று ஒதுக்கிய வேலை ஒன்றே ஒன்றுதான். காலையில் எழுந்ததும் தினசரி காலண்டரில் ஒரு தாள் கிழிப்பது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் பிரிந்துவிட்டோம். யாருக்கும் வருத்தமில்லை. செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்குகிறவனிடம் இதைவிடப் பெரிய படிப்பு வேலையை என் மனைவியும் நம்பிக் கொடுத்ததில்லை.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டு டிசம்பரில் அந்த வேலையும் போயிற்று. காரணம் என் வாய்.

கமிட்டிக்கு எதிர் டீக்கடையில் ஒருவர் பேப்பரைச் சத்தமாகப் படித்தார். எங்கேயோ மாயன் என்று ஒரு கூட்டம் இருந்ததாம். அவர்கள் போட்ட காலண்டர் அந்த மாதம் இருபத்தொன்றாம் தேதியோடு முடிகிறதாம், உலகமும் அதோடு சேர்ந்து முடியுமாம். கேட்டுவிட்டு டீயைக் குடித்திருக்கலாம். எங்கள் வேதக்கோயில் பெரியவர்களிடம் ஒரு பேச்சு உண்டு. கடைசிக் காலத்தில் மூன்று நாள் இருட்டு வரும், மந்திரித்த மெழுகுவத்தி மட்டும்தான் எரியும் என்று. அதைக் கொண்டுபோய் மாயன் தலையில் கட்டினேன்.

"மூணு நாள் இருட்டுய்யா. டார்ச்சு எரியாது, செல்லு எரியாது. எங்க கோயிலு மெழுகுவத்திதான் எரியும். வேணுங்கிறவன் இப்பவே பேரு குடு, ஞானஸ்நானத்துக்குச் சொல்லிடறேன்."

"மூணு நாளா? வருசம் பூரா இருட்டுலதான குந்திக்கினு இருக்கறோம். மாயன் வேற இன்னாத்துக்கு?" என்றார் டீ ஆற்றுகிறவர். அந்த வருஷம் கரண்ட்டு அப்படித்தான் இருந்தது.

"தண்ணி வந்தா ராஜகிரிக் கோட்டை மேல ஏறிக்கலாம்டா" என்றான் என்னோடு மூட்டை தூக்குகிறவன்.

"சாயந்தரம் தண்ணி வந்தா இன்னா பண்ணுவ? கோட்டை கேட்டு சாத்திடுவாங்களே" என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் அதிகமாகச் சிரித்தேன். என் ஜோக்குக்கு முதலில் சிரிக்கிற ஆள் எப்போதும் நான்தான்.

அன்று சாயங்காலம் நான் வீட்டுக்குப் போவதற்குள் என் பேச்சு எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. டீக்கடைக்காரர் சம்சாரமும் என் மனைவியும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள்.

"இருபத்தொண்ணாந்தேதின்னு சொன்னியாமே?"

"நான் சொல்லலமே. பேப்பர்ல போட்டிருந்தான். நான் சும்மா தமாசுக்கு..."

"ஆஸ்பத்திரி சீட்டுலயும் இருபத்தொண்ணுதான்யா போட்டிருக்குது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்கு ஒன்பதாம் மாதம். அதற்கு முன் இரண்டு தடவை தங்கவில்லை. முதல் தடவை நாலாம் மாதம். இரண்டாவது ஏழாம் மாதம். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த தேதியை ஜெபம் மாதிரி தினமும் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். அந்தத் தேதியில்தான் நான் உலகத்தை அழித்துவிட்டு வந்திருந்தேன்.

"நம்ம கோயிலு சாமியாரே பைபிள்ல படிச்சாரு, ரெண்டு வாரத்துக்கு முன்னால ஞாயித்துக்கிழம பூசையில. சூரியன்லயும் நெலாவுலயும் அடையாளம் தெரியும்னு. நீ தூங்கிக்கினு இருந்த."

உண்மை. தூங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

மறுநாள் காலை காலண்டர் மேல் கை வைத்தேன்.

"அதத் தொடாத."

"இன்னாமே?"

"பதினொண்ணுலயே இருக்கட்டும். கிழிக்கக் கிழிக்கத்தான கிட்ட வருது."

சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கை வயிற்றின் மேல் இருந்தது. அன்றிலிருந்து ஊரெல்லாம் தேதி நகர்ந்தது, எங்கள் சுவரில் மட்டும் பதினொன்று.

எங்கள் பக்கம் பிள்ளை பிறக்கும் முன்னால் புதுத்துணி வாங்க மாட்டோம். பழைய வேட்டியைக் கிழித்து, துவைத்து, மடித்து வைப்போம். என் நைனாவின் வேட்டி ஒன்றை அதற்கென்று எடுத்து வெளியே வைத்திருந்தாள். அதைத் திரும்பவும் பெட்டிக்குள் போட்டு மூடினாள். போன தடவை கிழித்து மடித்து வைத்ததெல்லாம் வீணாகத்தான் போயிருந்தது.

சரிக்கட்டுகிறேன் என்று நினைத்து, "அழிஞ்சா நல்லதுதான்மே, ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ தேட வேண்டியதில்ல" என்றேன். அவள் அழுதாள். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போய்வந்த பக்கத்து வீட்டு அக்கா, கொண்டுவந்த குங்குமத்தை அவள் கையில் வைத்து, "ஆத்தா பாத்துக்குவா" என்றவர், என்னைப் பார்த்த பார்வையில் நானே அழிந்திருக்க வேண்டும். என் மனைவி அந்தப் பொட்டலத்தை மாதா படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தாள்.

வேறு வழி தெரியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு சாமியாரிடம் போனேன். என்னைவிடச் சின்னவர், தெற்கத்திக்காரர். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். தலையெல்லாம் வைக்கோல்.

"சாமி, வர ஞாயித்துக்கிழம ஒரு வார்த்த சொல்லிடுங்க. உலகம் அழியாதுன்னு."

"அத எப்படிண்ணே நான் சொல்றது? எனக்குத் தெரியாதே."

"உங்களுக்கே தெரியாதா?"

"வானத்துல இருக்கிற சம்மனசுக்கே தெரியாதுங்கிறாங்க. தேதி சொல்றவன நம்பாதீங்கன்னு வேணா சொல்றேன். அன்னைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு அடிச்சுச் சொன்னா, நானும் தேதி சொல்ற ஆளாயிடுவேன்ல?"

"அப்ப அவளுக்கு நான் இன்னாதான் சொல்றது?"

காலொடிந்த ஆட்டுப் பொம்மை ஒன்றை வைக்கோலில் சாய்த்து வைத்தபடி, "ஏன் சொல்லணும்? அன்னைக்கு வேலைக்குப் போகாம கூட இருங்க. வாய மட்டும் கொஞ்சம் மூடிக்கிட்டு" என்றார். என் புகழ் கோயில் வரைக்கும் பரவியிருந்தது.

திரும்பி வரும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். அவளுக்கு மாயனைப் பற்றி என்ன கவலை? அந்த ஏழாம் மாதத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோவில் வெறுங்கையோடு வந்ததுதான் அவளுக்குத் தெரியும். பக்கத்தில் நானும் உட்கார்ந்துதான் வந்தேன். அன்றைக்கே உலகம் முடிந்து, பிறகு எப்படியோ மறுநாள் விடிந்தது.

இருபத்தொன்று, வெள்ளிக்கிழமை. வேலைக்குப் போகவில்லை. சாமியார் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பத்து மணிக்குக் கரண்ட்டு போனது. மந்திரித்த மெழுகுவத்தியை ஏற்றச் சொன்னாள். பட்டப்பகலில் ஏற்றினேன். தொண்டை வரை நாலு ஜோக்கு வந்தது, நாலையும் முழுங்கினேன். நூறு கிலோ மூட்டை தூக்கியிருக்கிறேன், இவ்வளவு கனக்கவில்லை. மத்தியானம் கஞ்சி குடித்தோம். மூன்று மணி இருக்கும்.

"யோவ்."

"ம்."

"எதனா பேசேன்யா."

"சாமி வாய மூடிக்கினு இருக்கச் சொன்னாரு."

"நீ இப்பிடிக் குந்திக்கினு இருக்கறதப் பாத்தாதான்யா நெசமாவே அழியப் போவுதுன்னு பயமா இருக்குது."

பூட்டு திறந்த மாதிரி இருந்தது எனக்கு. "அந்த மாயனும் என்ன மாதிரி மூணாங்கிளாசா இருப்பான்மே. காலண்டர் எழுதிக்கினே வந்திருப்பான், கை வலிச்சிருக்கும், போதும்டான்னு போட்டுட்டுப் போயிட்டான்."

அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். சட்டென்று நிறுத்தி வயிற்றைப் பிடித்தாள்.

"உதைக்குதுய்யா."

"அதுக்கு ஜோக்கு புடிக்கல போலக்குது."

மறுபடி சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெழுகுவத்தியை ஊதி அணைத்தாள்.

"அந்தக் காலண்டரக் கிழி."

"இருபத்தொண்ணையும் சேத்தா?"

"சேத்துத்தான்."

பதினோரு தாளையும் ஒரே பிடியில் கிழித்தேன். திரும்பினால் அவள் பெட்டியைத் திறந்து நைனாவின் வேட்டியை எடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். "நேராப் புடிய்யா. கோணலாக் கிழிச்சிடாத."

டாக்டரம்மா சொன்ன தேதிக்குப் பிள்ளை பிறக்கவில்லை, மாயன் சொன்ன தேதிக்கு உலகமும் அழியவில்லை. ஆறு நாள் கழித்துப் பெண் பிறந்தது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக் கொடுக்கிறவள் அவள்தான். "நைனா, அந்த வேட்டிய நேராத்தான் கிழிச்சியா?" என்று நடுவில் நிறுத்திக் கேட்கிறாள். கோணல்தான். எழுதிக்கொள் என்றேன்.