அம்பது போட்ட பிஸ்டன்

மகள் திவ்யாவின் கல்யாண பேனரைத் தரையில் விரித்து, அதன் மேல் லோடு ஆட்டோவின் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தான் மனோகரன். பெண்ணின் கழுத்து மாலை மேல் நட்டும் போல்ட்டும், மாப்பிள்ளையின் கோட்டு மேல் சிலிண்டர், கீழ் மூலையில் கறுத்த ஆயில் தட்டு. நூம்பலில் அந்தத் தெருவழியாகப் போனவர்கள் எல்லாரும் நின்று பார்த்தார்கள், ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், போய்விட்டார்கள். வேடிக்கை பார்க்க மட்டும் எந்த ஊரிலும் ஆள் பஞ்சம் கிடையாது.

அவன் பெண்டாட்டி கலைவாணி வாசல்படியில் உட்கார்ந்து, தேங்காய் நாரை டீசலில் தொட்டு பிஸ்டனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இட்லிக் குண்டானின் அடிக்கரியையே விடாத கை அது. கரி போனதும் பிஸ்டனின் தலையில் ஓர் எண் தெரிந்தது.

"இன்னாயா, இதுல அம்பதுன்னு போட்டுகீது?"

"கம்பெனிக்காரன் ஆயிரம் நம்பர் போடுவான். நீ தேய்."

அவள் தேய்த்தாள். அவளுக்கு எஞ்சின் பற்றிக் கவலையில்லை. கடை இடத்தைப் பற்றித்தான் கவலை.

குத்தம்பாக்கத்தில் பிறந்தவள். மாமனாருக்கு நிலம் இருக்கிறது என்று நம்பி நூம்பலுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவள் வந்த கொஞ்ச காலத்தில் நிலம் விலைபோய், அதில் அடுக்கு வீடு முளைத்தது. காசை அண்ணன் தம்பிகள் பிரித்துத் தின்றார்கள். இவள் புருஷன் பங்குக்கு மிஞ்சியது இந்த லோடு ஆட்டோ. அவனை நம்பினால் அடுப்பு எரியாது என்று தெரிந்ததும் அவளே இறங்கினாள். குமணன்சாவடி சந்திப்பில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் டிபன் கடை. விடிவதற்குள் அடுப்பு, கேஸ் சிலிண்டர், குண்டான், மேசை எல்லாம் இந்த ஆட்டோவில்தான் போகும். வெயில் ஏறினால் இதில்தான் திரும்பும்.

அந்த இடத்துக்கு யாரிடமும் பட்டா கிடையாது. நிற்கிறவனுக்கு இடம், அவ்வளவுதான். நாலு நாள் காலியாகக் கிடந்தால் அடுத்தவன் வந்து அடுப்பு வைப்பான், யாரும் கேட்க மாட்டார்கள். கலைவாணிக்கே அப்படித்தான் கிடைத்தது. சோளம் சுட்டு விற்ற கிழவன் மஞ்சள் காமாலையில் படுத்தபோது அவன் இடத்தில் போய் உட்கார்ந்தவள்தானே அவள். எழுந்து வந்தவனிடம், "காலியாதானே கெடந்துச்சு" என்றாள். அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

வண்டி படுத்த மூன்றாம் நாளான அன்று காலை, கடைக்குப் பக்கத்தில் பூ விற்கிற சுரேகா போன் செய்தாள்.

"அக்கா, எப்போ வர? தோசை வண்டிக்காரன் ஒத்தன் ரெண்டு தபா வந்து நம்ம எடத்த பாத்துகினு போறான்."

"நீ சொல்லலியா?"

"சொன்னேன்கா, அக்கா வந்துரும்னு. அவன் காலால எடத்த அளந்துகினே சிரிக்கிறான்."

வண்டி இந்நேரம் ஓடியிருக்க வேண்டும். முந்தைய நாளே ரிங் மாட்ட உட்கார்ந்தான் மனோகரன். பிஸ்டனைச் சுற்றிப் போடுகிற ரிங் சும்மா இருக்காது, வில் மாதிரி விரிந்து நிற்கும். அதை நெரித்துப் பிடித்தால்தான் சிலிண்டருக்குள் இறங்கும். நெரிப்பதற்கென்றே ஒரு சாமான் இருக்கிறது, ரிங் கம்ப்ரஸர் என்பார்கள். அது இல்லாமல், ஆயில் டின்னைக் கத்தரித்துச் சுற்றி, ஓஸ் பைப்பு கிளிப்பைப் போட்டு முறுக்கினான். சுத்தியல் பிடியால் தட்டினான். டிக் என்று சத்தம் கேட்டது. ரிங் இரண்டு துண்டு.

அந்தச் சாமான் வேலப்பன்சாவடியில் மெக்கானிக் கடை வைத்திருக்கிற திருவேங்கடத்திடம் இருக்கிறது. கலைவாணியின் கூடப் பிறந்த அண்ணன். முன்பு இந்த எஞ்சினைப் பிரித்துக் கட்டியதும் அவன்தான். ஆனால் கேட்க முடியாது. திவ்யா கல்யாண பேனரில் தாய்மாமன் படத்தை மேலே போட வேண்டிய இடத்தில் தன் பங்காளிகளைப் போட்டான் மனோகரன். தாய்மாமனைக் கீழ் மூலையில் பொட்டு அளவுக்குப் போட்டான். திருவேங்கடம் வந்தான், பேனரைப் பார்த்தான், சீர்த்தட்டை மேடையில் வைத்தான், சாப்பிடாமல் போனான். அதோடு பேச்சு நின்றது.

அதனால் புருஷனும் பெண்டாட்டியும் அம்பத்தூருக்கு பஸ் ஏறினார்கள். புது ரிங் வாங்கியாயிற்று. உதிரி பாகக் கடை ஜெகதீசன் ரிங் கம்ப்ரஸரில் மூன்று தினுசை எடுத்து வைத்தான்.

"இது பட்டை. சாவி போட்டு முறுக்கினா இறுகும், எந்த சைஸுக்கும் வரும். இது இடுக்கி மாறி. இது புனல் மாறி, உள்ள வுட்டு தட்டினா வழுக்கிகினு போவும். ஆனா ஒரு சைஸுக்கு ஒண்ணுதான்."

"புனல குடு. போன்ல பாத்தேன், ஒரே தட்டுதான்."

"கம்பெனி சைஸா, சிலிண்டர கொடைஞ்சி போர் பண்ணி பெருசு போட்டதா?"

மனோகரன் புனலைக் கையில் எடுத்துக்கொண்டான். "கம்பெனி சைஸு."

"யோவ், அந்த பிஸ்டன்ல அம்பதுன்னு..."

"வண்டிய பத்தி உனுக்கு இன்னா தெரியும்? சட்னில உப்பு பாரு, போ."

ஜெகதீசன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "கடைசியா எஞ்சின் கட்டினவன கேட்டுகினு வா நைனா. எண்ணெ பட்டா நான் திருப்பி எடுக்க மாட்டேன்."

கேட்க வேண்டிய ஆள் யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மனோகரன் புனலைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தான்.

வீட்டில் அந்தப் புனலுக்குள் பிஸ்டன் பாதியில் நின்றது. திருப்பிப் பார்த்தான், எண்ணெய் ஊற்றினான், அந்த அம்பதைப் பெற்ற கம்பெனிக்காரனைத் திட்டினான். பெருசு பெருசுதான், திட்டினால் சிறுத்துவிடுமா? கடைசியில் சுத்தியலை எடுத்தான். கலைவாணி பிஸ்டனைப் புனலோடு தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"குடு இங்க."

"குடுக்க மாட்டேன். இதுவும் ஒடஞ்சா கடை போச்சு. நான் குத்தம்பாக்கத்துக்கு போறேன்."

"அங்க யாரு கீறாங்க உனுக்கு?"

"கீழ் மூலைல ஒத்தன போட்டியே, அவன் கட்டின ஊடு கீது."

சொல்லிவிட்டு அவளே போனை எடுத்தாள்.

"ண்ணா."

அந்தப் பக்கம் ஸ்பானர் தட்டுகிற சத்தம் நின்றது. பிறகு, "எஞ்சினா?" என்றான் திருவேங்கடம்.

"உனுக்கு யாரு சொன்னா?"

"கல்யாண பேனர் மேல பிரிச்சி போட்டுகீறான்னு ஊரே சிரிக்குது. அவன் பேசுவானா?"

அவள் போனைப் புருஷன் காதில் வைத்தாள். மனோகரன் கொதிக்கிற குண்டானைத் தொட்டவன் மாதிரி நெளிந்தான்.

"மச்சான்..."

"ம்."

"கொஞ்சம் வாயேன்."

வெயில் உச்சியில் திருவேங்கடம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினான். கையில் பட்டை கம்ப்ரஸர், பையில் ரிங் டப்பா. பேனரைச் சுற்றி வந்து கீழ் மூலையில் குந்தினான். ஆயில் தட்டைத் தூக்கித் தள்ளி வைத்தான், வேஸ்ட் துணியால் துடைத்தான். அடியில் அவன் மூஞ்சி இருந்தது.

"எடம் சரியாதான் பாத்து வெச்சிகீற மாப்ள."

மனோகரன் ஆயில் தட்டை இன்னும் தள்ளி வைத்தான்.

"போன தபா போர் பண்ணி அம்பது, அதான் அரை மில்லி, பெருசு போட்டது நான். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ரிங்கும் கம்பெனி சைஸுதான் வாங்கிகீற, இல்ல? இத போட்டு ஓட்டினா தெருவே புகைல மூடிக்கும்."

தான் கொண்டுவந்த ரிங்கை மாட்டினான். பட்டையைச் சுற்றி, சாவியைத் திருப்பி, விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தான். மரப்பிடியால் தட்டினான். பிஸ்டன் சத்தமில்லாமல் உள்ளே போனது. மற்றதையும் அவனே பூட்டினான். மனோகரன் ஸ்பானரை எடுத்து எடுத்துக் கொடுத்தான்.

கலைவாணி மோர் கொண்டுவந்தாள்.

"இருக்கட்டும்மா."

"ண்ணா, மோருதான்."

"இருக்கட்டும்னேன்."

தெருக்குழாயில் கை கழுவினான். வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. சாயங்காலம் எஞ்சின் பிடித்துக்கொண்டது, மனோகரன் ஆக்ஸிலரேட்டரை முறுக்கி முறுக்கிக் காட்டினான். அவள் மோர் டம்ளரோடு நின்று, ஸ்கூட்டர் தெருமுனை திரும்புகிறவரை பார்த்தாள்.

மறுநாள் விடியலில் ஆட்டோ குமணன்சாவடிக்கு ஒரு முனகல் இல்லாமல் போனது. அவள் இடத்தில் தோசைக்கல் காய்ந்துகொண்டிருந்தது. அவளிடம் வழக்கமாகச் சாப்பிடுகிற இரண்டு பேர் அங்கே தட்டேந்தி நின்றார்கள். அவளைப் பார்த்ததும் குனிந்து சட்னியைப் பார்த்தார்கள். சுரேகா பூக்கூடையை ஏதோ சரிசெய்தாள்.

"இது என் எடம்," என்றாள் கலைவாணி.

தோசைக்காரன் கரண்டியை நிறுத்தவில்லை. "காலியாதான்கா கெடந்துச்சு."

அவள் வண்டிக்குத் திரும்பினாள். எந்த வாயால் மறுத்துப் பேசுவாள்?

கொஞ்சம் தள்ளிச் சாக்கடை ஓரத்தில் இடம் இருந்தது. நாற்றம் அடிக்கிற இடம் என்பதால் இருந்தது. அங்கே வண்டியை நிறுத்தச் சொன்னாள். மனோகரன் இறங்கி வேட்டியை மடித்துக் கட்டினான்.

"நான் போய் அவன்கிட்ட பேசட்டா?"

"பேச வேண்டியவன்கிட்ட பேச வேண்டிய நேரத்துல பேசல. இப்ப போய் இன்னா பேசப் போற? சிலிண்டர எறக்கு."