கன்னத்தில் ஒதுக்கிய மாத்திரை

தெருவில் அவருக்கு மாத்திரைக்காரர் என்று பெயர். காசநோய்க்காரர்களின் வீடு தேடிப் போய் மாத்திரையைக் கொடுத்து, விழுங்கியதும் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதுதான் அவர் வேலை. புதுத் தொற்று வந்து ஊரே கதவடைத்துக் கிடந்தபோதும் அவர் சைக்கிள் நிற்கவில்லை. மேலதிகாரிகள் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

அவரிடம் மாத்திரை வாங்கிவந்த தையல்காரன் ஒருவன் வீட்டு வாசலில் நடந்தது அவர்களுக்கு எங்கே தெரியும்? மாத்திரைக்காரர் கேட்டுக்கு வெளியிலேயே நின்று மாத்திரையைச் சுவர்மேல் வைப்பார். அவன் வாயில் போட்டதும் சட்டென்று முகக்கவசத்தை ஏற்றிவிடுவான். உள்ளே ஒரு கன்னம் உப்பியிருக்கும். வாயைத் திறக்கச் சொல்ல நுனி நாக்கு வரை வரும். அவன் மூச்சில் புது நோய் வந்து தன்னைப் பிடித்துக்கொண்டால்?

"நாளைக்கு வரேன் தம்பி" என்று சைக்கிளை மிதித்துவிடுவார்.

ஊர் திறந்தபோது தையல்காரன், பழைய மாத்திரைக்கு அடங்காத காசநோயோடு, எலும்பும் தோலுமாக ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தான். புது மாத்திரையை மாத்திரைக்காரர்தான் கொண்டுபோனார்.

"குமட்டுதுன்னு துப்பிட்டேண்ணே. வெயில்னு பாக்காம வந்த உங்களையே ஏமாத்திட்டேன். மன்னிச்சிடுங்க."

'எனக்கு அப்பவே தெரியும்டா' என்று சொல்ல வந்தவர், மாத்திரையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்.

தையல்காரன் மாத்திரையை விழுங்கிவிட்டு, கேட்காமலே வாயை அகலமாகத் திறந்தான்.

"நல்லா பாத்துக்குங்கண்ணே."

அன்றைக்கும் அவரால் பார்க்க முடியவில்லை.