வான்கோழி வயது

எர்சிலியாவுக்குத் தன் நிழல்மேல்கூடச் சந்தேகம். பதினான்கு வயது மகள் சுனில்தாமேல் வராமல் இருக்குமா? கூப்பிட்டால் முகம் சிவக்கிறாள், சாப்பாட்டைக் கிளறிவிட்டு எழுந்துவிடுகிறாள், சாயங்காலமானால் ஆளையே காணோம்.

"விடுடி, வான்கோழி வயசு!" என்று மாத்தே தேநீரை உறிஞ்சியபடி சிரித்தாள் பக்கத்துப் பண்ணை பல்மீரா. எந்த்ரே ரியோஸ் மாகாணத்தில் அந்த வயதுக்கு அதுதான் பெயர். "காரணமில்லாம சிவக்கும், அசடு வழியும், கத்தும். வேற என்ன அர்த்தம்?"

"வான்கோழி வளக்காதவங்க சொல்ற அர்த்தம் அது," என்றாள் எர்சிலியா. "எங்கம்மா சொன்னது வேற. குஞ்சுக்குக் கழுத்துல சிவப்பு ஏறுற பருவத்துல, நல்லாத் திரிஞ்சதே திடீர்னு சுருண்டுக்கும். ஒரு மழையில நனைஞ்சா போச்சு. அந்தக் கண்டத்தைப் பாத்துத்தான் பேரு வச்சாங்க. சிரிக்கிறதுக்கில்ல, காவல் காக்கிறதுக்கு."

இரண்டில் எது சரியோ, ஆண்டவனுக்கே வெளிச்சம். எர்சிலியா வான்கோழி வளர்த்துப் பிழைப்பவள். வேகவைத்த முட்டையும் வெங்காயத்தாளும் நறுக்கிப் போட்டு, ஈரம் படாமல் பொத்திப் பொத்தி வளர்ப்பாள். மகளையும் அப்படியே காத்தாள். தலையணையைத் தடவினாள், சட்டையை முகர்ந்தாள், செருப்பைத் திருப்பிப் பார்த்தாள். ஆற்று மணல்! ஆற்றோரம் இருப்பது மீன்காரர் வீடு. அங்கே நசரேனோ என்றொரு பயல் இருக்கிறான். போதாதா?

அன்று மத்தியானமே மகளை அறையில் தள்ளிப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நேரே அந்த வீட்டுக்குப் போய் நின்றாள்.

நசரேனோவின் தாய் கையிலிருந்த வலையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "உன் பொண்ணு எங்க போறான்னு உன் பொண்ணைக் கேக்காம என்னை ஏன் கேக்குற?"

பதில் சொல்வதற்குள் வானம் இருண்டு மழை பிடித்துக்கொண்டது. ஐயோ, குஞ்சுகள் வெளியே மேய்கின்றனவே! எர்சிலியா தலைதெறிக்க ஓடினாள்.

பாதிக்குமேல் வேலியோரம் செத்துக் கிடந்தன. கம்பி போட்ட சன்னலில் சுனில்தாவின் முகம் தெரிந்தது. எர்சிலியா பூட்டைத் திறந்ததும் அவள் தாயைத் தாண்டி ஓடினாள். உயிர் இருந்ததையெல்லாம் பாவாடையில் வாரிவந்து அடுப்பருகே விட்டாள். பூட்டிய அறைக்குள்ளிருந்து கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"அவனைப் பாக்கத்தான் போனியா?"

"ஆமா." ஒரு குஞ்சைத் துடைத்தபடியே, நிமிராமல் சொன்னாள். "இன்னிக்குச் சாப்பிடும்போது நானே சொல்லலாம்னு இருந்தேன். இனிமே உங்கிட்ட எதையும் சொல்ல மாட்டேன்மா."

அந்த ஒன்றை மட்டும் எர்சிலியா அப்படியே நம்பினாள்.