சின்ன வெங்காயம் என்று நான் வாங்கியது

எழுபதுகளின் கடைசியில் ஜெர்மனியில், டுசல்டோர்ஃபில் இருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, கப்பலிலும் ஹோட்டல் அடுப்படிகளிலும் வேலை செய்து அங்கே வந்து சேர்ந்தவன். ஜெர்மன் வாசிக்கத் தெரியாது. விசா முடிந்தும் ஊர் திரும்பாமல், செல்வம் என்ற கூட்டாளியோடு ஓர் அறையில் தங்கியிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை ஆற்றோரத்துப் பழைய சாமான் சந்தைக்குக் குளிர்கோட்டு வாங்கப் போனேன். பூச்செடிகளுக்கு நடுவே ஒரு பெட்டி நிறையச் சின்ன வெங்காயம் கிடந்தது. ஊரை விட்ட பிறகு அதைக் கண்ணால் கண்டதில்லை. கோட்டை மறந்து இரண்டு பை வாங்கினேன்.

மத்தியானம் அந்த வெங்காயத்தைக் காய்ந்த மிளகாயோடு சம்பலாக இடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வரும்போது செல்வம் சாப்பிட்டு முடித்திருந்தான்.

"உங்கட சம்பல் கசக்குது அண்ணை. உறைப்பு இருந்தபடியால மன்னிச்சிட்டன்" என்று சிரித்தான்.

கொஞ்ச நேரத்தில் அவனுக்குத் தொடங்கிய வாந்தி நிற்கவே இல்லை. கைகால் சில்லிட்டன.

"டொக்டர் வேண்டாம் அண்ணை. பொலிஸ் வந்தா ரெண்டு பேரையும் அனுப்பிப்போடுவாங்கள்."

அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் கண் செருகிய பிறகுதான் அறையை வாடகைக்குத் தந்த ஜெர்மன் வீட்டுக்காரியின் கதவைத் தட்டினேன். பையில் மிச்சம் கிடந்ததைப் பார்த்ததுமே அவர் அம்புலன்சைக் கூப்பிட்டார். அவை வெங்காயமே அல்ல, விஷமுள்ள பூச்செடிக் கிழங்குகள். செல்வம் பிழைத்தான். ஆஸ்பத்திரியில் எவரும் விசா கேட்கவில்லை.

அந்த நிம்மதி இன்னும் என்னைத் தூங்க விடுவதில்லை. இப்போது எதைச் சமைத்தாலும் முதல் வாய் நான்தான் சாப்பிடுகிறேன். யாராவது "டொக்டர் வேண்டாம்" என்றால், சொல்லி முடிப்பதற்குள் அவரைக் கூட்டிப்போகக் காலில் சப்பாத்தை மாட்டிவிடுகிறேன்.