ஒரு கையால் எழும்பக்கூடிய செற்றி

கனகசுந்தரம் காலை பத்து மணிக்கே தண்ணி போட்டுவிட்டு, திருகோணமலை நகரத்துத் தளபாடக் கடையொன்றில் எழும்ப முடியாமல் கிடக்கிறாராம். சென்ற மாசி மாதம் பாலையூற்றில் இப்படியொரு கதை உலாவியது. "பாவம், மனிசிக்குப் பாரிசவாதம் வந்த கவலை" என்று இரங்கியவர்களும், "அந்த மனிசன் ஒரு நாளும் போத்திலைத் தொட்டதில்லையே" என்று சந்தேகப்பட்டவர்களும் கதையை ஒரே வேகத்தில்தான் அடுத்த வீட்டுக்குக் கடத்தினார்கள்.

கதை எங்கே தொடங்கியது என்று விசாரித்துக்கொண்டு போனால், அது முச்சக்கர வண்டி ஓட்டும் இராகுலனிடம் போய் நின்றது.

"நான் பொய் சொல்லேல்லை. செற்றியில இருந்தவர், எழும்பப் பாத்தவர், பொத்தெண்டு திரும்ப விழுந்தவர். மூண்டு தரம். கண்ணாடிக்குள்ளால பாத்தனான்."

"குடிச்ச மணம் வந்ததோ?"

"கண்ணாடிக்கு வெளியில நிண்டவனுக்கு என்னெண்டு மணக்கும்?"

ஆக, விழுந்தது உண்மை. மற்றது ஊர் சேர்த்த சரக்கு.

கனகசுந்தரத்துக்கு அறுபத்து மூன்று வயது. துறைமுகத்தில் கப்பல் கயிறு கட்டும் வேலையில் முப்பது வருடம் இருந்தவர். ஆடி மாதம் மனைவி குணமணிக்கு இடக்கையும் இடக்காலும் விழுந்துபோயின. தை பிறக்கும்போது பொல்லு ஊன்றி நடக்கத் தொடங்கிவிட்டாள். ஆனால் இருந்த இடத்திலிருந்து எழும்ப மட்டும் ஏலாது. மகளின் கலியாணத்துக்கு வாங்கிய மெத்தைச் செற்றி உள்வாங்கிப் பள்ளமாகிவிட்டது. கடற்காற்றில் அதன் றெக்சின் உறை உரிந்து, இருந்தவர் முதுகிலெல்லாம் கறுப்புப் பொருக்கை ஒட்டி அனுப்பியது. பிளாஸ்ரிக் கதிரையோ ஒரு பக்கம் ஊன்றினால் சரிந்தது. அதனால் கனகசுந்தரம் அவளுடைய கக்கத்துக்குள் கை கொடுத்து, கயிறு இழுக்கிற மாதிரி மூச்சுப் பிடித்துத் தூக்குவார்.

தனியே இருக்கும்போது அது பரவாயில்லை. ஆட்கள் முன்னால் அவளுக்கு அது சாவு. வீட்டுக்கு வந்தவர்களை வாசற் படலைவரை கூடப் போய் அனுப்பி, ஒழுங்கை முடக்கில் அவர்கள் திரும்பும்வரை நின்று பார்த்தே பழகியவள் அவள். இருந்த இடத்திலிருந்தபடி "போட்டு வாங்கோ" என்பது அவளுடைய கணக்கில் விரட்டிவிடுவது. ஆகவே யாரையும் வரவிடாமல் செய்துவிட்டாள். அதே ஒழுங்கையில் இருபது வருடமாக இருக்கும் பரீதா நான்கு தடவை படலையில் வந்து கூப்பிட்டாள். நான்கு தடவையும் உள்ளேயிருந்து, "நித்திரை எண்டு சொல்லுங்கோ" என்ற குரல்தான் வந்தது. நோய் வருமுன் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பரீதா வட்டிலப்ப இனிப்புக் கொண்டுவந்த பீங்கான் கிண்ணம் குசினி அலுமாரியில் கவிழ்ந்து கிடந்தது. அந்த ஒழுங்கையில் எந்தக் கிண்ணமும் வெறுமையாகத் திரும்பிப் போனதில்லை.

இதற்காகத்தான் கனகசுந்தரம் தளபாடக் கடைக்குப் போனார்.

அங்கே விற்பனையாளனாக நின்ற கிண்ணியாக்காரன் நஸ்ரி, முதலில் இருப்பதிலேயே மெத்தையான செற்றியைக் காட்டினான். "இருந்து பாருங்க ஐயா. அப்படியே உள்ளுக்குப் போகும்."

"உள்ளுக்குப் போறது லேசு தம்பி. வெளியில வாறதைக் காட்டும்."

சொல்லிவிட்டு இடக்கையைச் சேட்டுக்குள் செருகி, இடக்காலை மரம் மாதிரி நீட்டி, வலக்கையை மட்டும் ஊன்றி எழும்பப் பார்த்தார். விழுந்தார். அடுத்த செற்றி. அதிலும் விழுந்தார். மறுநாள் திரும்பவும் வந்தார். மூன்றாம் நாள் ஒரு குடும்பம் அலுமாரி பார்ப்பதை விட்டுவிட்டு அவரைக் கைபேசியில் படம் பிடித்தது. நான்காம் நாள் நஸ்ரி கேட்டேவிட்டான்.

"ஐயா, நீங்க சாமான் வாங்கவா வாற, சேர்க்கஸ் காட்டவா?"

"என்ர மனிசிக்கு இடப்பக்கம் வேலை செய்யாது. அவவா இருந்து பாக்கிறன்."

நஸ்ரி தன் இடக்கையையும் சேட்டுக்குள் செருகினான்.

அதன்பின் இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். மெத்தென்றிருப்பதையே ஆறு வருடமாகப் புகழ்ந்து விற்றவன், இப்போது முழங்காலால் ஸ்பொஞ்சை அமத்திப் பார்த்தான். செற்றியைக் கவிழ்த்து அடிச்சட்டத்தைத் தட்டினான். இன்றைக்கு எழும்ப விடுகிற செற்றி அடுத்த ஆடியிலும் எழும்ப விட வேண்டும் அல்லவா? "இது ஆறு மாசத்துல பதிஞ்சிரும் ஐயா, வேணாம்" என்று அவன் உரக்கச் சொன்னது முதலாளியின் காதில் விழுந்தது. அந்தக் கடையில் அப்படியொரு வசனம் முன்பு கேட்டதில்லை.

ஒன்பதாம் நாள், ஒரு வருடமாக ஒருவரும் திரும்பிப் பார்க்காத செற்றியொன்று மூலையில் அகப்பட்டது. சாம்பல் நிறத் தடித்த துணி, கல்லுப் போன்ற ஸ்பொஞ், அகன்ற மரக் கைப்பிடி. கனகசுந்தரம் எழும்பினார். நஸ்ரியும் எழும்பினான்.

சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டு நஸ்ரியே கூட வந்தான். குணமணி அதில் இருந்தாள். அவளுடைய இரண்டு பாதங்களும் நிலத்துக்கு நாலு விரல் மேலே தொங்கின.

இடப்பக்கத்தை ஒன்பது நாள் சுமந்து திரிந்தவர், மனைவி தன் தோளுக்குத்தான் வருவாள் என்பதை மறந்துவிட்டார்.

"முப்பத்தைஞ்சு வருசமா என்னைப் பாத்தனீங்கள்தானே?" என்றாள் அவள். "ஒரு நாள் என்னைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கலாமே?"

"ஆக்கள் பாப்பினம் எண்டு…"

"ஓம். உங்களைப் பாத்துச் சொன்ன கதை எனக்கும் வந்தது. குடிகாரன்ர மனிசியாம் நான்."

கனகசுந்தரம் குனிந்து செற்றியின் மரக்கால்களைப் பார்த்தார். நஸ்ரி குறுக்கிட்டான். "கால அறுக்கலாம் அம்மா. ஆனா அறுத்தா வொரண்டி போயிரும்."

"எனக்கு ஆர் தம்பி வொரண்டி தந்தது? அறுத்துவிடும்."

அரை அங்குலம் அரை அங்குலமாக அறுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அவள் இருந்து பார்த்தாள், "இன்னும்" என்றாள். ஆறாம் தடவை பாதம் படிந்தது. வலக்கையை ஊன்றி உன்னினாள். விழுந்தாள். கனகசுந்தரத்தின் கைகள் தாமாக முன்னே போயின.

"விடுங்கோ."

அடுத்த உன்னலில் எழும்பி நின்றாள். சுவரைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றாள். பிறகு, "பரீதாவை வரச் சொல்லுங்கோ" என்றாள்.

பரீதா பின்னேரமே வந்தாள். "நான் வாற நேரமெல்லாம் நித்திரை. ஊருக்கும் சேத்து நீங்கதான் நித்திர கொண்டீங்களோ அக்கா?" என்று தொடங்கி, எட்டு மாதக் கதையை ஒரு மணித்தியாலத்தில் சொல்லி முடித்தாள். அவள் போக எழும்பியபோது குணமணியின் வலக்கை கைப்பிடியைத் தேடியது. குசினி வாசலில் நின்ற கனகசுந்தரத்தின் இடக்கை, அவரறியாமலே சேட்டுக்குள் போயிருந்தது. உதவிக்கு நீண்ட பரீதாவின் கை பாதியில் திரும்பி முக்காட்டைச் சரிசெய்தது. இரண்டாம் உன்னலில் குணமணி எழும்பினாள். இருவரும் படலைவரை மெதுவாகப் போனார்கள்.

"அக்கா, எங்கட கிண்ணம்?"

"குசினியில கிடக்கு. வெறுங்கிண்ணம் தர ஏலாது. நான் அடுப்படியில நிண்டு என்ர கையால ஏதும் செய்யிற அண்டைக்குத் தாறன்."

"அது எப்ப?"

"பொறும்."

பரீதா முடக்கில் திரும்பும்வரை அவள் படலையைப் பிடித்தபடி நின்றாள்.

கனகசுந்தரம் வெறியில் புதுச் செற்றியின் காலை அறுத்துவிட்டார் என்று இராகுலன் இப்போது சொல்லித் திரிகிறான். சித்திரையும் வந்து போய்விட்டது. குணமணி காலையில் அடுப்படியில் பத்து நிமிடம் நிற்கிறாள். அதற்குமேல் கால் நடுங்குகிறது. கிண்ணம் இன்னும் அலுமாரியில்தான் இருக்கிறது.