அழுதாச்சா பாப்பா?

பாவாடை நுனியைப் பல்லால் கடித்தால் முதலில் உப்புக் கரிக்கும், பிறகு நூலின் சப்பென்ற ருசி வரும், அதற்குள் அழுகை அடங்கிவிட வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. ஐம்பதுகளின் தொடக்கத்தில், ராயபுரத்துக் குப்பத்தில் எனக்கு ஏழு வயது நடந்த அந்த வருடம், என்னிடமிருந்த பாவாடைகள் எல்லாவற்றிலும் ஒரு மூலை நைந்து போயிருந்தது.

அப்பாவை நான் நைனா என்பேன், அவருக்குக் கடல் தொழில். கட்டுமரத்தை எங்கள் பக்கத்தில் வெறுமனே 'மரம்' என்பார்கள். விடியற்காலையில் கட்டைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டி இறக்குவார்கள், திரும்பி வந்ததும் அவிழ்த்துக் காயப்போடுவார்கள். கிளம்புகிறவன் காதில் தன் வீட்டு அழுகுரல் விழுந்துவிட்டால் அன்றைக்கு மரம் இறக்கக்கூடாது என்பது குப்பத்துக் கட்டுப்பாடு, அதில் யாரும் விளையாடமாட்டார்கள். கட்டின மரத்தை எல்லார் முன்னிலும் அவிழ்த்துப் போட்டுவிட்டு, கூடத் தொழில் செய்கிறவனும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அந்த ஐப்பசியில் எதிர்வீட்டு அண்ணன் போன மரம் ஆளில்லாமல் கரை ஒதுங்கியது. அது தனியாக வந்து மணலில் முட்டிக்கொண்டு கிடந்ததை நான் பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து நைனா துடுப்பைத் தோளில் வைத்தாலே என் தொண்டையிலிருந்து சத்தம் கிளம்பிவிடும். பாவாடையைக் கடித்தாலும் சரி, அம்மா என் முகத்தைத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாலும் சரி, அது கரைவரைக்கும் கேட்கும். நைனா குனிந்து கயிற்றை அவிழ்ப்பார். எனக்கு 'அழுமூஞ்சி' என்று பெயர் விழுந்தது. அம்மா மற்ற பெண்களெல்லாம் போன பிறகுதான் குழாயடிக்குத் தண்ணீர் பிடிக்கப் போவாள், என்னால்தான் அப்படி ஒளிந்து ஒளிந்து போகிறாள் என்று தெரிந்து நான் வீட்டுக்குள்ளேயே கூனிக் குறுகிக் கிடப்பேன்.

நைனாவோடு மரத்தில் போகிற கன்னியப்பன் மாமா அம்மாவின் தம்பி. சொந்தம் என்பதற்காக எத்தனை நாள் பொறுப்பார்? ஒருநாள் கரையிலேயே கேட்டுவிட்டார். "இன்னா மச்சான், உம் பொண்ணு எங்க வூட்டு அடுப்பையும் சேத்து அணைக்குது. ரெண்டு போட்டு வளத்திருந்தா இப்டி அழுவுமா?"

நைனா வீட்டுக்கு வந்து என்னை அறைந்தார். அதற்கு முன்பு அவர் என்மீது கை வைத்ததே கிடையாது. அறைந்த கையை இடுப்புத் துண்டில் துடைத்துக்கொண்டே போய் மூலையில் உட்கார்ந்தார். நான் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். அம்மா இரண்டு பேருக்கும் சோறு போட்டு வைத்தாள், அது அப்படியே காய்ந்தது. அன்று பொழுதுக்கும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் விடியும்போது நைனா என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகக் கரைக்கு நடந்தார். அம்மா பதறிப்போய்ப் பின்னால் ஓடிவந்தாள். வலைக்குவியல் மேல் என்னை உட்காரவைத்து, "இப்ப அழுவு" என்றார். அடக்கி வைத்ததெல்லாம் ஓவென்று வந்தது. சுற்றி இருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்க, மாமா கையிலிருந்த கயிற்றைக் கீழே போட்டார்.

"போடாத மச்சான், கட்டு" என்றார் நைனா. "கொழந்த அழுவட்டும். எனக்கும் தெனிக்கும் பயமாத்தான் கீது. அலையப் பாக்கசொல்ல ஆளில்லாத வந்த அந்த மரந்தான் கண்ணுல நிக்குது. என்னால அழுவ முடியல, எனக்கும் சேத்து அது அழுவுது. இதுல இன்னா சகுனம்?"

குப்பமே கேட்க ஓர் ஆண்பிள்ளை, அதுவும் என் நைனா, பயம் என்று சொன்னதும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கூச்சத்திலேயே அழுகை நின்றுபோனது. மாமா கடலை ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து கயிற்றை எடுத்து, "எனக்கு மட்டும் இன்னாவாம்" என்று முனகிக்கொண்டே கட்ட ஆரம்பித்தார்.

அன்று பகல் நகரவே இல்லை. நைனா வராவிட்டால் என் அழுகைதான் கொன்றது என்று ஊர் சொல்லும், நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். அம்மா அடுப்பு மூட்டாமல் மணலில் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பாவாடையைக் கடிக்கச் சொல்லவில்லை. "எனக்கும் அடிவவுத்துல கல்லு கீது பாப்பா" என்று மட்டும் சொன்னாள். மத்தியானத்துக்கு மேல் கடலில் நைனாவின் மரத்துப் பாய் தெரிந்தது. கூடையில் பாதிகூட மீன் இல்லை. நைனா வந்து ஈரக் கையால் என் கன்னத்தைத் தடவி, "நேத்து அடிச்சிட்டேன் இல்ல" என்றார்.

அதன் பிறகு மாமா காலையில் வாசலில் நின்று, சாப்பிட்டாயா என்று கேட்பதுபோல, "இன்னா பாப்பா, அழுதாச்சா?" என்று கேட்பார். நான் கொஞ்சம் அழுதுவிட்டு, "ஆச்சு" என்பேன். பிறகுதான் கயிறு கட்டுவார்கள். நாளாக ஆக அழுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போய், நானே அவர்களைச் சீக்கிரம் கிளம்பச் சொல்லித் துரத்துவேன்.

அந்தக் கரை இப்போது இல்லை. கடல் அரித்து, அந்த இடத்தில் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். கட்டுவதும் அவிழ்ப்பதும் போய் இயந்திரப் படகுகள் வந்துவிட்டன. நைனாவும் இல்லை, மாமாவும் இல்லை. என் மகன் கப்பல் வேலைக்குப் போகிறவன். போன மாதம் அவன் பெட்டியைத் தூக்கியதும் பேத்தி வாசலில் நின்று வீறிட்டாள். அக்கம்பக்கத்து ஜன்னல்கள் திறந்தன. "சீ, அழாத. தெருவே பாக்குது" என்று அதட்டினேன். சொன்னது நான்தான், வேறு யாருமில்லை.

குழந்தை சட்டென்று கவுன் நுனியை எடுத்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். அதை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. மகன் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தான். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.