இயற்றியவர் தெரியவில்லை

பகலெல்லாம் மன்னிப்புக் கேட்பதற்காகவே அவளுக்குச் சம்பளம். சலவை இயந்திரம் விற்கும் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் வேலை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களின் வசவை வாங்கிக்கொண்டு, உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது, மன்னிக்கவும் என்று சொல்ல வேண்டும். இயந்திரம் செய்தவன் எங்கோ சௌக்கியமாக இருப்பான், திட்டு வாங்குவது இவள். பழக்கம் வீடு வரைக்கும் தொற்றிக்கொண்டது. மேஜையில் இடித்துக்கொண்டால் மேஜையிடம் ஸாரி சொல்வாள். அதைப் பார்த்துவிட்டு அத்தை மகன் அவளுக்கு ஸாரி என்றே பேர் வைத்தான். அதுவே நிலைத்தது.

அவளுடைய அம்மா நேர்மாறு. பஸ் கண்டக்டராக இருந்தவர். படியில் தொங்கும் தடியன்களை ஒரு அதட்டலில் உள்ளே தள்ளியவர். டிக்கெட் எடுக்காமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கனவான்களை, வண்டியை நிறுத்தி, நடுவழியில் இறக்கி விட்டவர். புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்தபோதும் அந்தக் குரல் இறங்கவில்லை. அந்தக் குரலில்தான் மகளைப் படிக்க வைத்தார், கிட்டார் கேட்டபோது திட்டித் தீர்த்துவிட்டு மறுவாரமே வாங்கியும் கொடுத்தார்.

ஒருநாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பிரஷ் கையிலிருந்து நழுவியது. பக்கவாதம். வலது கையும் காலும் போயின, கூடவே பேச்சும் போனது. புத்தி போகவில்லை. இந்தக் கடைசி விஷயம்தான் ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

நோயாளியைப் பார்க்க வருகிறவர்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் வாய் நிற்காது. ஆப்பிளும் ஆலோசனையுமாக வருவார்கள். ஆப்பிளை விழுங்க முடியாது, ஆலோசனையைத் துப்ப முடியாது. கட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் உட்கார்ந்துகொண்டு, நடுவில் படுத்திருப்பவரின் தலைக்கு மேலே பேசிக்கொள்வார்கள். "எப்படி இருந்த மனுஷி, பாவம். இப்ப யாரையாவது அடையாளம் தெரியுதா?" தெரிகிறது. பேசுகிறவளின் பெயர், அவள் திருப்பித் தராத குடை, எல்லாமே தெரிகிறது. சொல்லத்தான் வழியில்லை. அம்மா முகம் சிவந்து, வாயைக் கோணி, ஏதோ ஒரு சத்தம் எழுப்புவார். உடனே, "ஐயோ, வலிக்குது போல" என்று இன்னும் உரக்கப் பரிதாபப்படுவார்கள். ஸாரி அவர்களை வாசல் வரை கொண்டுபோய் விட்டு, வந்ததற்கு நன்றியும், இடம் போதாததற்கு மன்னிப்பும் சொல்லி அனுப்புவாள். ஒருத்தியையாவது கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கலாம்.

ஆனால் வேலையில் அவள் குறை வைக்கவில்லை. நேரத்துக்குப் புரட்டிப் படுக்க வைத்தாள். குதிகால் மெத்தையில் அழுந்தாமல் கீழே துணி மடித்து வைத்தாள். தண்ணீர் புரையேறாதபடி பொடி கலந்து கெட்டியாக்கிக் கரண்டியால் கொடுத்தாள். முதுகில் ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை. இதையெல்லாம் எந்த விருந்தாளியும் கவனித்துப் பாராட்டியதில்லை, வராத புண் யார் கண்ணிலும் படாது.

ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி இருந்தாள். அவள்தான் சொன்னாள், பேச்சு வராத சிலருக்குப் பாட்டு வரும் என்று. இடது கையால் தட்டச் சொல்ல வேண்டும், தட்டுக்கு ஒரு அசையாகப் பாடச் சொல்ல வேண்டும். அவசரப்பட்டு நாம் வார்த்தையை எடுத்துக் கொடுக்கக் கூடாது. வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

ஸாரி பழைய பாட்டுகளில் ஆரம்பித்தாள். அம்மா கட்டில் கம்பியில் இடது கையால் தட்டி, நாலு வரி முழுசாகப் பாடிவிட்டார். அன்றைக்கு இருவரும் அழுதார்கள். அழுது முடித்ததும் சிக்கல் தெரிந்தது. ஊரில் உள்ள பாட்டெல்லாம் நிலாவையும் மழையையும் கேட்கின்றன, சிறுநீர்ப் பாத்திரத்தை ஒரு பாட்டும் கேட்பதில்லை. அம்மாவுக்கு வேண்டியது அதுதான்.

அதனால் அவளே பாட்டுக் கட்டினாள். அதற்கு முன்பும் கட்டியிருக்கிறாள். கல்லூரி நாளிலிருந்து கிட்டாரும் கையுமாக, காணாமல் போன காதலனைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். கிடைத்திருந்தால்தானே காணாமல் போக? அந்தப் பாட்டுகளை அத்தை மகன் மட்டும் கேட்டான், அதுவும் தப்பிக்க வழியில்லாமல். இப்போது கட்டியவை வேறு மாதிரி. புரட்டிப் போடச் சொல்ல ஒன்று, விளக்கை அணைக்க ஒன்று, கால் எரிகிறது என்று சொல்ல ஒன்று. சின்னச் சின்ன வார்த்தை, திரும்பத் திரும்ப வரும் மெட்டு, தட்டினால் நிற்காத தாளம். அழகுக்காக ஒரு சொல் கிடையாது. வாய் கோணியவரால் சொல்ல முடியாத சொல்லை அவள் பாட்டில் வைக்கவில்லை, அவ்வளவுதான் இலக்கணம்.

ஜன்னல் பாட்டு அதில் ஒன்று. "ஜன்னலத் தொறக்கவா, காத்து வேணுமா" என்று அவள் பாட வேண்டும். "தொற, தொற" என்று அம்மா பாட வேண்டும். சில வாரம் அப்படித்தான் போயிற்று. ஒருநாள், ஆப்பிள்காரர்கள் வருவதும் நின்று போயிருந்த சமயம், அவள் வழக்கம்போல் பாடினாள். அம்மா பதில் சொல்லவில்லை. கம்பியில் தட்டிக்கொண்டே இருந்தார். அவள் வார்த்தையை எடுத்துக் கொடுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு வந்தது:

"ஜன்னல் வேணாம், கதவத் தொற.
காத்து வேணாம், ஆளு வேணும்."

அவள் சொல்லிக் கொடுத்தது அல்ல. அம்மாவே கட்டியது. மறுநாள் அவள் கட்டிலை உள்ளறையிலிருந்து இழுத்து, வாசல் தெரியும்படி முன்னறையில் போட்டாள்.

அத்தை மகன் வீடு வீடாகக் கேஸ் சிலிண்டர் போடுகிறவன், மீதி நேரத்தில் ட்ரம்ஸ் வாசிக்கிறவன். முன்னறையில் இருவரும் பாடுவதைக் கேட்டு, தோளில் சிலிண்டரோடு அப்படியே நின்றுவிட்டான். "உன் காதல் பாட்டெல்லாம் குப்பையில போடு. இத வாசிக்கலாம்" என்றான். அம்மா கம்பியில் தட்டும் தாளத்தைத் தட்டு பிசகாமல் ட்ரம்ஸில் எடுத்தான். இவள் கிட்டாரை அதன் மேல் ஏற்றினாள். பக்கத்துத் தெரு மண்டபத்தில் ஒருமுறை பாடினார்கள். கூட்டத்தில் பாட்டுக் கம்பெனி வைத்திருக்கும் தயாரிப்பாளர் ஒருவர் இருந்தார்.

நல்ல மனிதர்தான், அதனால்தான் இன்னும் எரிச்சல் வருகிறது. சுவரெல்லாம் பழைய வாத்தியங்களை மாட்டி வைத்திருப்பார். பாட்டுக் கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். ஜன்னல் பாட்டைக் கேட்டுவிட்டு வெகுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு, இது அந்தக் காலத்தில் வீட்டுக்குள் பூட்டி வைக்கப்பட்ட ஏதோ ஒரு புதுப்பெண் பாடியது, வாய்வழியாக வந்திருக்கிறது, இப்படி ஒரு வரி உருவாக ஒரு தலைமுறை போதாது என்றார். தானும் அம்மாவும் கட்டியது என்று ஸாரி சொல்லிப் பார்த்தாள். அவர் சிரித்தார். ஊறிப் போன பாட்டு அப்படித்தான், நாமே எழுதியது போலத் தோன்றும் என்றார். அவள் மன்னிக்கவும் என்று சொல்லிவிட்டு, ஏதோ தானே தப்பாக நினைவு வைத்திருப்பது போல விட்டுவிட்டாள். பாட்டுப் பதிவு செய்கிற ஆசை அப்போது தொண்டை வரை இருந்தது.

அவர் ஆல்பமாகப் போடச் சம்மதித்து, எட்டுப் பாட்டுகள் பதிவாகி முடிந்தன. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டிய நாளுக்கு முந்தின நாள் ஆல்பத்தின் அட்டை வீட்டுக்கு வந்தது. முன்பக்கம் அவள் முகம், அழகாகத்தான் இருந்தது. பின்பக்கத்தில் இப்படி இருந்தது: 'பாடல்கள்: மரபு வழி வந்தவை. இயற்றியவர் தெரியவில்லை.'

அவள் படித்துக் காட்டாமல் இருந்திருக்கலாம். படித்துக் காட்டினாள். அம்மா இடது கையால் அட்டையை வாங்கி, கண்ணருகே கொண்டுபோய், தானே ஒருமுறை படித்தார். பிறகு அதை மெத்தை மேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்று எந்தப் பாட்டுக்கும் பதில் பாடவில்லை. தண்ணீருக்குக்கூடப் பாடவில்லை.

அத்தை மகன் பதறிப் போனான். ஒரு வரிதானே, யார் அட்டையின் பின்பக்கத்தைப் படிக்கிறார்கள், முதல் ஆல்பம் முதலில் வெளியே வரட்டும், அடுத்ததில் பார்த்துக்கொள்ளலாம் என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது, சிலிண்டர் தூக்கித் தூக்கி அவன் தோள் ஒரு பக்கம் இறங்கியிருந்தது.

"படிக்கிறவங்க படிக்கட்டும், படிக்காட்டி போகட்டும்" என்றாள் அவள். "அம்மா படிச்சிட்டாங்க."

மறுநாள் அம்மாவையும் சக்கர நாற்காலியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். தயாரிப்பாளரின் அலுவலகத்தில் படி இருந்தது, சாய்தளம் இல்லை. அத்தை மகன்தான் நாற்காலியோடு தூக்கினான்.

தயாரிப்பாளர் எழுந்து வரவேற்றார். மேஜைக்குப் பின்னால் அட்டைகள் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தன. அவர் ஸாரியைப் பார்த்துப் பேசினார். "அம்மாவ எதுக்கும்மா சிரமப்படுத்திக் கூட்டிட்டு வந்தீங்க? அவங்களுக்கு இதெல்லாம் புரியுமா? டீ குடிப்பாங்களா?"

மூன்று கேள்வியும் அம்மாவைப் பற்றி, ஒன்றுகூட அம்மாவிடம் இல்லை.

ஸாரி வந்த விஷயத்தைச் சொன்னாள். அட்டையில் இருப்பது தவறு, எட்டுப் பாட்டில் ஏழு தன்னுடையவை, ஜன்னல் பாட்டு இருவருடையது என்றாள். சொல்லும்போது இரண்டு முறை மன்னிக்கவும் வந்துவிட்டது. அவர் பொறுமையாகத்தான் கேட்டார். ஆனால் அட்டைகள் அச்சாகிவிட்டன. தவிர, மரபுப் பாட்டு என்றால் கேட்கிறவனுக்கு ஒரு மரியாதை வருகிறது.

"யாரு எழுதினதுன்னே தெரியாம ஒரு பாட்டு நிக்குதுன்னா, அதவிடப் பெரும உண்டாம்மா? அதுவும் அம்மா..." குரலைத் தாழ்த்தினார், பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவருக்குக் கேட்காதது போல. "பேச்சே வராதவங்க பாட்டு எழுதினாங்கன்னா யாரு நம்புவா?"

அப்போது தட்டும் சத்தம் கேட்டது. அம்மாவின் இடது கை, நாற்காலியின் கைப்பிடியில். ஜன்னல் பாட்டின் தாளம். அத்தை மகன் திரும்பினான். தயாரிப்பாளர் பழக்கத்தில் கண்ணை மூடினார். அம்மாவின் உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, திறந்து, மூடி, மறுபடி திறந்தது. பிறகு பழைய கண்டக்டர் குரலில், கொஞ்சம் உடைந்து, ஆனால் மெட்டுத் தவறாமல்:

"டிக்கெட் எடுக்காம ஏறிட்டான்.
எறக்கி விடடி, எறக்கி விடு."

அத்தை மகன் சிரிப்பை அடக்க முடியாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தயாரிப்பாளர் கண்ணைத் திறந்தார். காதுவரை சிவந்திருந்தார். இது எந்தத் தலைமுறையிலிருந்து வாய்வழியாக வந்தது என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

ஸாரியின் நாக்கு நுனியில் மன்னிக்கவும் வந்து நின்றது. பகலெல்லாம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த சொல். அதை அப்படியே விழுங்கினாள்.

"அந்த வரி மாறணும் சார். எங்க பேரு வரணும். இல்லன்னா கையெழுத்துக் கெடையாது, பாட்டும் எங்க கூடத் திரும்பி வந்துரும்."

"அச்சடிச்ச அட்டைய என்னம்மா பண்றது?"

"அது எனக்குத் தெரியாது சார்."

தினமும் பிறர் தப்புக்கெல்லாம் பதில் வைத்திருந்தவள் அப்படிச் சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். அத்தை மகன் சிரிப்பை நிறுத்திவிட்டு வந்து, நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். தூக்கிக்கொண்டு இறங்கத் தயார் என்பது போல.

தயாரிப்பாளர் கட்டுக் கட்டாக இருந்த அட்டைகளைப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார். அவர் யோசித்தது போதும் என்று தோன்றியதோ என்னவோ, அம்மா மறுபடி கைப்பிடியில் ஒரு தட்டுத் தட்டினார். அவர் மேஜையைச் சுற்றி வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, அம்மாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"உங்க பேரு எப்படிப் போடணும்மா?"

அம்மா வாயைத் திறந்தார். வரவில்லை. சொந்தப் பேர்தான் இருப்பதிலேயே கஷ்டம், நோய் வந்த நாளிலிருந்து அது ஒருமுறையும் வந்ததில்லை. தயாரிப்பாளர் ஸாரியைத் திரும்பிப் பார்த்தார். அத்தை மகனும் பார்த்தான். பேர் அவள் வாயில்தான் இருந்தது. அவள் சொல்லவில்லை. கையை மடியில் கோத்துக்கொண்டு, அம்மாவின் இடது கையையே பார்த்தாள்.

தட்டு. ஒரு எழுத்து. தட்டு. இரண்டாவது தப்பாக வந்தது. அம்மா தலையை ஆட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். தயாரிப்பாளர் பேனாவைப் பிடித்தபடி, அவசரப்படாமல், ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டார். பேர் முழுசாக வந்தது. அவர் எழுந்திருக்கப் போனபோது அம்மா இன்னும் ஒருமுறை தட்டினார். இனிஷியல் பாக்கி.

ஆல்பம் தாமதமாகத்தான் வந்தது. பின்பக்கத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன, அம்மாவின் பேர் மேலே. நோயுற்ற தாய் என்று ஒரு வார்த்தை சேர்க்கலாமா என்று கேட்டிருந்தார்கள், ஸாரி வேண்டாம் என்று போனை வைத்துவிட்டாள். முன்னறைக் கட்டிலில் அம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுத்து சின்னதாக இருக்கிறது என்று அன்று சாயங்காலமே ஒரு பாட்டு வந்தது. அது அடுத்த ஆல்பத்துக்கு ஆகும் என்று அத்தை மகன் சொன்னான். அம்மாவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. எழுத்தைப் பெரிசாகப் போடும்வரை அவர் கோபம் ஆறுவதாக இல்லை.